அம்மாவின் போத்தலும் தூங்கிப்போன சுரப்பியும்

கேள்வி: டாக்டர், நாங்கள் பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மூட்டுவலிக்காக இரண்டு வருஷமாக பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், ஒருவரிடம் 25 வெள்ளிக்கு ஒரு போத்தல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். லேபிள் கிடையாது. வலி ஒரே வாரத்தில் போனது, பசி வந்தது, முகமும் பூரித்து நன்றாக இருந்தார். இந்த மாதிரி மாத்திரையில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று கைப்பேசியில் படித்துவிட்டுப் போத்தலைக் குப்பையில் போட்டது நான்தான். ஐந்தாம் நாள் ஒரே வாந்தி, குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். ஆறு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நான் செய்தது தப்பா? ஹார்மோன் பிரச்சினை, அட்ரினல் வேலை செய்யவில்லை என்று சொல்லி, ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் 10 மில்லிகிராம், மத்தியானம் 5 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஸ்டீராய்டுதானாம்! ஹார்மோன் என்றால் பெண்களின் மாதவிலக்கு சம்பந்தப்பட்டதுதானே? அம்மாவுக்கு அது நின்று பதினைந்து வருஷம் ஆகிறதே. தெரிந்த அக்கா ஒருவர் ஹார்மோனைச் சரிப்படுத்தும் பானம், பெட்டி 180 வெள்ளி, வாங்கச் சொல்கிறார். எனக்கும் எப்போதும் அசதி, நானும் எல்லா ஹார்மோனையும் பார்த்துவிடலாமா? அப்புறம் ஒன்று, பக்கத்து லயத்துப் பாட்டியும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார். போய்ப் பிடுங்கி எறிந்துவிடவா?

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். அம்மா இப்போது சாப்பிடும் ஹைட்ரோகார்ட்டிசோனை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்துபோய் ‘ஒரு நாள் விட்டுத்தான் பார்ப்போமே’ என்று யார் சொன்னாலும், அது சொந்த அத்தையாக இருந்தாலும் சரி, கைப்பேசியில் வந்த வீடியோவாக இருந்தாலும் சரி, காதில் வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் என்றாலே பொம்பளை சமாச்சாரம் என்ற நினைப்பு நம் பக்கத்தில் ரொம்பப் பேருக்கு உண்டு. என் கிளினிக்கில் ஆண்களிடம் ‘உங்களுக்கு ஹார்மோன் கோளாறு’ என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் பிறந்த கதையே வயிற்றுச் சமாச்சாரம்தான். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், சிறுகுடலிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்துபோய்க் கணையத்திடம் ‘சாப்பாடு வந்துவிட்டது, நீரை விடு’ என்று சொல்வதைக் கண்டுபிடித்தார்கள். 1905-இல் ஸ்டார்லிங் இப்படி இரத்தத்தில் தூது போகும் பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஹார்மோன் என்று பெயர் வைத்தார், கிளப்பிவிடுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

பள்ளியில் நாளமில்லாச் சுரப்பி என்று படித்திருப்பீர்கள். நாளம் என்றால் குழாய். எச்சில் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. மரத்தில் வெட்டிய கோட்டு வழியே பால் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சேருகிற மாதிரி, சுரப்பது போகிற இடம் ஒன்றுதான். ஹார்மோன் சுரப்பிக்குக் கோடும் இல்லை, மங்கும் இல்லை. நேரே இரத்தத்தில் விட்டுவிடும். அது உடம்பு முழுக்கச் சுற்றினாலும், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உள்ள உறுப்புக்கு மட்டும்தான் சேதி போய்ச் சேரும். கழுத்தில் தைராய்டு, அதன் முதுகில் அரிசி மணி போல நான்கு பாராதைராய்டு, வயிற்றில் கணையம், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரினல், பெண்ணுக்குச் சினைப்பை, ஆணுக்கு விந்தகம், மூளைக்கு அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம். நாய் துரத்தும்போது வருகிற அட்ரினலின் சில நிமிஷத்தில் அடங்கிவிடும், தைராய்டு விடும் தைராக்சினோ பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும்.

அதனால் ‘ஹார்மோன் பிரச்சினை’ என்று யாராவது சொன்னால் எது என்று கேளுங்கள். இனிப்பு நீர்க்காரர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலினும் ஹார்மோன்தான். 1921-இல் கனடாவின் டொரொன்டோவில் பேன்டிங், பெஸ்ட் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள், அடுத்த வருஷம் ஜனவரியிலேயே 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். (நம் சிலாங்கூர் பந்திங்குக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஒருவர் உண்மையிலேயே கேட்டார், அதனால் சொல்கிறேன்.) ஏன், உங்கள் அம்மாவே ஹார்மோன் வேலை பார்த்திருக்கக் கூடும். பால் அதிகம் இறங்கப் பட்டையில் பிரஷ்ஷால் மருந்து தடவுவார்களே, எத்தஃபான், அது மரத்துக்குள் போய் எத்திலீனை விடும். எத்திலீன் செடிகொடிகளின் ஹார்மோன், வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பதும் அதுதான். அளவோடு தடவினால் மங்கு நிறையும். ஆசைப்பட்டு அடிக்கடி தடவி அடிக்கடி வெட்டினால் பட்டை காய்ந்து, மரம் சொட்டுப் பால்கூட விடாது. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சரி, அட்ரினலுக்கு வருவோம். பெரட்டு எப்படி நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்கும் சின்ன வயசு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் ஆட்கள் நிற்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், இன்றைக்கு இத்தனை பேர் வெட்டுக்கு என்று கணக்கு எடுப்பார்கள். உடம்பிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் துரை. அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி, கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. துரை சொன்னதும் கிராணி ஏ.சி.டி.எச். என்ற சீட்டை எழுதி இரத்தத்தில் அனுப்புவார். சீட்டைப் பார்த்து அட்ரினல் வேலைக்கு இறங்கிக் கார்ட்டிசால் சுரக்கும். இரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வது, பட்டினி கிடக்கும்போது சர்க்கரை குறையாமல் காப்பது, காய்ச்சல், அடி, ஆபரேஷன் என்று வந்தால் உடம்பைத் தாக்குப்பிடிக்க வைப்பது, எல்லாம் கார்ட்டிசாலின் வேலை. அதுவும் பெரட்டு நேரத்துக்குத்தான் வரும்: நாம் எழுந்திருக்கும் நேரத்தை ஒட்டி உச்சம், நடுராத்திரியில் ரொம்பக் குறைவு. அம்மாவுக்குக் காலையில் 10, மத்தியானம் 5, ராத்திரிக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது முக்கியமான இடம். கிராணி கண்மூடித்தனமாகச் சீட்டு எழுதுவதில்லை. பால் ஸ்டோரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஸ்டோர் நிறைந்திருந்தால் சீட்டைக் குறைப்பார், காலியானால் கூட்டுவார். பெரும்பாலான ஹார்மோன்கள் இப்படித்தான் ஓடுகின்றன. உங்கள் அம்மாவின் விஷயத்தில் என்ன நடந்தது என்றால், வெளியிலிருந்து ஒரு காண்டிராக்டர் தினமும் லாரியில் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் கொட்டினார். இந்த மாதிரி லேபிள் இல்லாத மூட்டுவலி மாத்திரைகளில் அடிக்கடி பிடிபடுவது டெக்ஸாமெத்தசோன், கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு. அதில் முக்கால் மில்லிகிராம் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத துகள், அம்மா இப்போது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதைவிட அதிகம்! ஒரு மாத்திரையில் எவ்வளவு கலந்தார் என்பது கலந்தவருக்கே தெரிந்திருக்காது. கிராணி எட்டிப் பார்க்கிறார், ஸ்டோர் வழிகிறது. சீட்டை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் பெரட்டுக்குக் கூப்பிடாத ஆள் என்ன செய்வார்? அட்ரினல் சுருங்கித் தூங்கிப்போய்விட்டது.

அந்த நிலையில் காண்டிராக்டர் ஒரே நாளில் நின்றுவிட்டார். ஸ்டோரில் பால் இல்லை, வெட்ட ஆளும் இல்லை. இரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை இறங்கும், வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் வரும். கவனிக்காமல் விட்டிருந்தால் உயிரே போயிருக்கும். சரியான நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்.

தப்பா என்று கேட்டீர்கள். போத்தலைச் சந்தேகப்பட்டது ரொம்பச் சரி, அம்மாவையும் போத்தலையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோகாதது மட்டும்தான் குறை. அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி மாதாமாதம் வருவார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, நானும் சர்க்கரை மாத்திரையை மூன்று தடவை கூட்டினேன். முகம் பௌர்ணமி நிலா மாதிரி வட்டம், பிடரிக்குக் கீழே ஒரு கொழுப்புத் திட்டு, கை கால் மட்டும் குச்சி. இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றினால் அந்த இடமே ஊதாவாகக் கன்றிப்போகும், தோல் அவ்வளவு மெலிசு. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வாசலைக் கூட்டுகிறார் என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் கூடச் சிரித்தேன். ‘எல்லாரும் எனக்கு வயசு கொறஞ்சிட்டதா சொல்றாங்க டாக்டர்’ என்று பாட்டி வேறு பெருமைப்பட்டார். ஒரு நாள் அவர் பையிலிருந்து சில்லறை எடுக்கும்போது லேபிள் இல்லாத போத்தல் உருண்டு என் மேசைக்கு அடியில் போனது. குனிந்து எடுத்தபோதுதான் எனக்கு விடிந்தது. ஸ்டீராய்டு உடம்பில் மிஞ்சினால் வரும் கோளாறு, புத்தகத்தில் குஷிங் என்று படம் போட்டுப் படித்த அத்தனை அடையாளமும் என் எதிரில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறது. அன்றிலிருந்து ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்பதில்லை, ‘மூட்டுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்றே கேட்கிறேன். நாட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்டீராய்டு என்பதே விஷம் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். 1948 ஜூனில் உங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்ததே, அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் எழுந்து நடந்தார் அந்தப் பெண். உலகமே அசந்துபோனது, 1950-இல் ஹென்ச்சுக்கும் கூட இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உப்புவதும் எலும்பு தேய்வதும் தெரியவந்து, டாக்டர்களே பயந்து அளவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்துமாவுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸுக்கும் இன்றைக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். பாசார் மாலாம்காரருக்கு அந்த முதல் வாரத்து அதிசயம் மட்டும் போதும். அதைக் காட்டித்தான் விற்கிறார்.

இப்போது கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் அம்மாவின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை ஈடுகட்டுகிற அளவுதான். ஸ்டோர் காலியாகாமல் பார்த்துக்கொண்டு, அதே சமயம் கிராணி மறுபடியும் சீட்டு எழுதத் தொடங்கும் அளவுக்குக் கொஞ்சம் இடம் விடுகிற வேலை. எப்போது நிறுத்தலாம் என்பதை நாள்காட்டி சொல்லாது, சோதனைதான் சொல்லும். காலை எட்டு மணி வாக்கில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்ப்பார்கள், அன்று காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகு போடச் சொல்வார்கள், அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் ஏ.சி.டி.எச். மாதிரியான மருந்து 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து அட்ரினல் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அவசரப்படக் கூடாது.

காய்ச்சல் வந்தால் நல்ல அட்ரினல் தானாகக் கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். அம்மாவுடையது கூட்டாது. அதனால் காய்ச்சல் நாட்களில் பொதுவாக மாத்திரையை இரண்டு மடங்காக்கச் சொல்வோம், உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எதுவோ அதையே பின்பற்றுங்கள், எழுதித் தரவில்லை என்றால் அடுத்த தடவை கேட்டு வாங்குங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் வீட்டில் இஞ்சித் தண்ணீர் போட்டுக்கொண்டு உட்காராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியாகப் போட வேண்டும். கவுன்டரில் ‘அட்ரினல் வேலை செய்யவில்லை, ஸ்டீராய்டில் இருக்கிறார்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் ஐசி பின்னாலேயே வைத்துவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்ட வேண்டும்.

மூட்டுவலி திரும்பி வரும், அதற்குத் தயாராக இருங்கள். திரும்பி வந்ததும் அந்தப் போத்தல் ஞாபகம் அம்மாவுக்கு வரும், அதற்கும் தயாராக இருங்கள். பாராசிட்டமால், பிசியோதெரபி, தொடைத் தசைக்குப் பயிற்சி, இரண்டு வருஷத்தில் ஏறிய எடையைக் கொஞ்சம் இறக்குவது என்று மெதுவாகத்தான் போக வேண்டும். எலும்பு அடர்த்தி, சர்க்கரை, கண்ணில் புரை, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

180 வெள்ளிப் பானத்துக்கு வருகிறேன். எந்த ஹார்மோனை, எந்தப் பக்கம் சரிப்படுத்துகிறது என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். இன்சுலின் மாதிரி புரத ஹார்மோனைக் குடித்தால் மீன் குழம்பு மாதிரி வயிற்றில் செரித்துப்போகும், அதனால்தான் ஊசி. ஸ்டீராய்டு, தைராய்டு ஹார்மோன்கள் செரிக்காமல் உள்ளே போகும், அதனால்தான் அவை மாத்திரையாக வருகின்றன, கள்ளத்தனமாகக் கலப்பதற்கும் அதுவே வசதி. ஒன்றும் செய்யாத பானம் என்றால் 180 வெள்ளிதான் நஷ்டம். உண்மையிலேயே ஏதாவது செய்கிறது என்றால் எனக்கு அதைவிடப் பயம். நம் மலேசியாவில் பதிவு செய்த நாட்டு மருந்துக்கு எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) என்ற எழுத்தும் உள்ள எண் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள், பெட்டியில் உள்ள பெயரும் அங்கே வருகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். போலி எண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் அசதிக்கு எல்லா ஹார்மோனையும் பார்க்க வேண்டியதில்லை. ஆயிரம் வெள்ளிக்குப் பாக்கேஜ் எடுத்தால் ஏதோ ஒரு எண் கோட்டைத் தாண்டித்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அழுவீர்கள். அரசாங்க கிளினிக்குக்கு ஒரு வெள்ளியோடு போங்கள். இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டுக்குக் கிராணி எழுதும் சீட்டான டி.எஸ்.எச்., இவ்வளவு முதலில் போதும். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு அதிகம் வேலை செய்கிறது என்று நினைத்துக் குழம்பாதீர்கள், பெரும்பாலும் நேர் எதிர்: அது கிராணியின் சத்தம், தைராய்டு எழுந்திருக்காததால் குரலை உயர்த்துகிறார். மாதவிலக்கு அதிகம் போகிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை, போகிறது என்றால் என் முதல் சந்தேகம் இரும்புச்சத்தின் மேல்தான். ஆறு நாள் மருத்துவமனை நாற்காலியில் தூங்கியதையும் மறந்துவிடாதீர்கள்.

பக்கத்து லயத்துப் பாட்டியின் போத்தலைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். இன்றைக்கும் அவர் வழக்கம்போல ஒன்று போட்டுக்கொள்ளட்டும், இதை எழுத எனக்கே கை கூசுகிறது, ஆனால் நாளைக் காலை கிளினிக் போகும்வரை அதுதான் பத்திரம். போத்தலோடு கூட்டிக்கொண்டு போங்கள், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் அதற்குப் பதில் சரியான மாத்திரையை எழுதி, படிப்படியாக இறக்குவார். போத்தலை அங்கேயே மருந்தாளரிடம் கொடுத்து, யாரிடம் வாங்கியது, எந்தக் கிழமைச் சந்தை என்பதையும் சொல்லிவிடுங்கள். பாட்டி மறுத்தால் உங்கள் அம்மாவை முன்னால் அனுப்புங்கள், குளியலறையில் விழுந்ததை அவர் சொல்லட்டும்.